ஒரு வாளி வெள்ளைப் பூச்சி

உலகத்தில் பூச்சியைக் கொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் ஏராளம். வண்டுக்காரி பூச்சியை வளர்ப்பதற்குச் சம்பளம் வாங்கினாள். அதிலும் கெட்ட பூச்சிக்குத்தான் முதல் உபசாரம். பயிரின் சாற்றை உறிஞ்சிக் கொல்லும் மாவுப்பூச்சியைப் பரங்கிக்காய்மேல் குடிவைத்து, வெயில் படாமல், எறும்பு அண்டாமல், புது மாப்பிள்ளையைக் கவனிக்கிற மாதிரி கவனித்துக் கொழுக்க வைக்க வேண்டும். கொழுத்த பிறகு அந்த மாப்பிள்ளையைத் தின்ன வண்டுகளைக் கூப்பிட வேண்டும். வண்டுகள் தின்று பெருகி, டப்பாவில் ஏறித் தோட்டங்களுக்குப் போகும். அங்கே மருந்தடிக்காமலே மாவுப்பூச்சி ஒழியும். கல்யாணமான புதிதில் இதைப் புருஷனுக்கு விளக்கிச் சொன்னபோது அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "அப்போ ரெண்டையுமே வளர்க்காம விட்டா என்ன?" என்று கேட்டார். அன்றோடு வீட்டில் வேலையைப் பற்றிப் பேசுவதை அவள் நிறுத்திவிட்டாள்.

இருபது வருஷமாக அதே நீள அறை. ஜன்னல்களில் கொசுகூட நுழைய முடியாத வலை. இரும்பு அலமாரிகளின் ஒவ்வொரு காலும் ஒரு தண்ணீர்க் கிண்ணத்துக்குள் நின்றது, எறும்பு ஏறாமல் இருக்க. தட்டுகளில் வரிசையாகப் பரங்கிக்காய்கள், கீறலெல்லாம் மெழுகு வைத்து அடைக்கப்பட்டு, மேலெல்லாம் கோதுமை மாவைத் தூவியது போல மாவுப்பூச்சி அப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எதிர்ச்சுவரில் வண்டுகளுக்கான மரக்கூண்டுகள். வண்டு மிளகு அளவுதான். உடம்பு கறுப்பு, தலை மட்டும் செங்கல் நிறம். அதன் புழு இருக்கிறதே, அது பெரிய கள்ளன். மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளை மெழுகுச் சட்டை போட்டுக்கொண்டு மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு நடுவிலேயே புகுந்து உட்கார்ந்து விருந்து சாப்பிடும். வண்டு தின்பதைவிடப் புழு தின்பதுதான் அதிகம். புழுவையும் பூச்சியையும் பிரித்துப் பார்க்க வண்டுக்காரிக்கு அரை நொடி போதும்.

இப்படிப்பட்ட அறைக்கு மேலாளராகப் போன வருஷம் ஒருவர் வந்து சேர்ந்தார். அதற்கு முன்னால் ஏதோ கிடங்கில் காகிதக் கட்டுகளுக்கு அதிகாரியாக இருந்தவர். காகிதத்தைப் பூச்சி அரித்துவிடாமல் முப்பது வருஷம் காத்தவரைப் பூச்சி வளர்க்கிற இடத்துக்கு மாற்றிய புத்திசாலி யாரென்று கடைசிவரை தெரியவில்லை. வந்த முதல் நாளே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, காயெல்லாம் பூஞ்சை பிடிச்சுக் கிடக்கு?"

"பூஞ்சை இல்ல சார். மாவுப்பூச்சி."

"பூச்சியா! பூச்சிய ஒழிக்கிற ஆபீஸ்ல பூச்சியா?"

அவள் பொறுமையாக விளக்கினாள். அவர் பொறுமையாகத் தலையாட்டினார். மறுநாள் ஆபீஸுக்கு இருபது கேன் பினாயில் வந்து இறங்கியது. அன்றைக்கே அவருக்குப் 'பினாயில் சார்' என்று பெயர் வைத்தாகிவிட்டது.

இந்த வருஷம் வண்டுக்காரிக்குத் தலைபோகிற காரியம் ஒன்று இருந்தது, ஆபீஸ் காரியம் அல்ல. ஊருக்கு வெளியே, பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத் தூரத்தில், அவள் அண்ணன் திராட்சை போட்டிருந்தான். பன்னிரண்டு வருஷம் அவன் கையால் பந்தல் கட்டி ஏற்றிய கொடிகள். போன வருஷம் மாவுப்பூச்சி ஒரு கை பார்த்துவிட்டது. வாரத்துக்கு இரண்டு தடவை மருந்தடித்தும் குலையெல்லாம் பிசுபிசுவென்று கறுத்துப் போய், வாங்க வந்தவன் லாரியை விட்டுக்கூட இறங்கவில்லை. "இந்த வருஷமும் இப்படியே போச்சுன்னா கொடிய வெட்டிப் போட்டுட்டு எங்கயாவது காவல் வேலைக்குப் போயிடுவேன்" என்றான் அண்ணன். பேச்சுக்குச் சொல்கிற ஆள் இல்லை அவன். அப்போதுதான் வண்டுக்காரி வாயைத் திறந்தாள்.

"மருந்த நிறுத்துண்ணா. ஒரு சொட்டு அடிக்காதே. நான் வண்டு கொண்டுவர்றேன். என் வார்த்தைய நம்பு."

நம்பினான். அண்ணிதான் நம்பவில்லை. அண்ணிக்கு நாத்தனாரின் படிப்பும் வேலையும் என்றைக்குமே ஒரு தமாஷ். "டாக்டரம்மா சொல்லிட்டாங்கள்ல, இனிமே பூச்சியெல்லாம் கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பிடும்" என்று பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள். அண்ணன் மருந்தை நிறுத்தினான். பக்கத்துத் தோட்டக்காரர்கள் வேலியில் நின்று சிரித்தார்கள். ஆக, ஒரு தோட்டமும் ஓர் ஆளின் மானமும் அவள் சொன்ன ஒற்றை வார்த்தைமேல் உட்கார்ந்திருந்தன.

வண்டுகள் தயாராக ஒரு வாரம் இருக்கையில் ஆபீஸைப் பார்வையிட மேலிடத்துக் குழு வெள்ளிக்கிழமை வருகிறது என்று கடிதம் வந்தது. பினாயில் சாருக்குக் கால் தரையில் பாவவில்லை. புதன்கிழமை வண்டுக்காரி கடைவாய்ப்பல் பிடுங்க லீவு போட்டாள். இருபது வருஷத்தில் போட்ட ஒன்பதாவது லீவு. பல் அன்றைக்குத்தான் வலிக்க வேண்டுமா, கர்மம்!

வியாழக்கிழமை காலையில் வீங்கிய கன்னத்தோடு கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அறை முழுக்கப் பினாயில் வாடை. அலமாரியில் நாற்பது பரங்கிக்காய்கள், ஒவ்வொன்றும் துடைத்துத் தேய்த்து, எண்ணெய் தடவியது மாதிரி பளபளவென்று இருந்தன. மாவுப்பூச்சி ஒன்று இல்லை. புழு ஒன்று இல்லை. கூண்டுகளுக்குள்ளும் கையை விட்டுத் துடைத்திருந்தார்கள். ஓடிப் போய் வடிகாலைப் பார்த்தாள். ஆறு மாச உழைப்பு வெள்ளைச் சேறாகச் சல்லடையில் அடைத்துக் கிடந்தது.

பினாயில் சார் பின்னால் வந்து நின்றார். "எப்படி இருக்கு? எட்டுப் பேர வெச்சு ஒரே நாள்ல முடிச்சேன்."

"சார், நீங்க துடைச்சது அழுக்கு இல்ல சார். அதான் சார் நம்ம சரக்கு!"

"கறுப்பு வண்டுதானே உங்க சரக்கு? வெள்ளைதானே பூச்சி? நீங்கதானே அன்னிக்குச் சொன்னீங்க? வெள்ளைய மட்டும்தான் துடைக்கச் சொன்னேன்."

"வண்டோட குஞ்சும் வெள்ளைதான் சார்."

"அத முன்னாடியே முழுசா சொல்ல வேண்டியதுதானே?" என்று சொல்லிவிட்டு அவர் பூந்தொட்டி வாங்கக் கிளம்பிப் போனார். வண்டுக்காரிக்கு வந்த ஆத்திரத்தில் பிடுங்கின பல் திரும்ப முளைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை. கண் தெரியாத ஆள், காது கேட்காத ஆள், கழுத்துக்குமேலே ஒன்றுமே இல்லாத ஆள் என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தாள். அண்ணன் முகம் ஞாபகம் வந்ததும் திட்டுவதை விட்டுவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதாள்.

ஆபீஸ் காவல்காரர்தான் வந்து மெதுவாகச் செருமினார். "மேடம், பின்கட்டு ரூம் சாவி தொலைஞ்சு போச்சுன்னு துடைக்க வந்தவங்ககிட்ட சொல்லிட்டேன்" என்று சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். பின்கட்டு அறையில் ஆறு கூண்டுகள் இருந்தன. ஆறும் தப்பித்திருந்தன. வலையில் கறுப்பு கறுப்பாக வண்டுகள் ஏறி நின்றன. அந்த மனுஷனைக் கும்பிட வேண்டும் போல இருந்தது அவளுக்கு.

வெள்ளிக்கிழமை குழு வந்தது. பளபளக்கும் பரங்கிக்காய்களைச் சுற்றி வந்தது. "பூச்சி வளர்க்கிற இடம்னு சொன்னாங்க, ஒரு பூச்சிகூடக் காணோமே. பிரமாதம்!" என்று தலைவர் பாராட்டினார். மாவட்டத்திலேயே தூய்மையான அலுவலகம் என்று கேடயம் ஒன்றும் அறிவித்தார். வண்டுக்காரி கை தட்டினாள். தட்டாவிட்டால் அறைந்துவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

சனிக்கிழமை கண்ணாடிக் குழாயின் ஒரு முனையை வாயில் வைத்து உறிஞ்சி, மறு முனையால் வண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடித்தாள். நடுவில் துணி கட்டியிருப்பதால் வண்டு வாய்க்குள் வராது, குழாயோடு பொருத்திய குடுவைக்குள் விழும். ஆயிரத்து இருநூறு வண்டு. காகித நறுக்குகளோடு டப்பாவில் அடைத்து, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். வண்டுகளை முறைப்படி தோட்டம் முழுக்கக் கொடிக்குக் கொடி விட்டாள். எறும்பு ஏறாமல் அடித்தண்டில் பசைப்பட்டை சுற்றினாள். அதற்குள் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அண்ணன் வாசல்வரை பின்னாலேயே வந்தான்.

"நான் என்ன பண்ணணும்னு சொல்லிட்டுப் போ. சும்மா கையக் கட்டிக்கிட்டு நிக்க என்னால முடியாது."

"ரொம்ப சுலபம்ணா. கறுப்பு நம்ம ஆளு, வெள்ளை எதிரி. அவ்வளவுதான், மண்டையப் போட்டு உடைச்சுக்காதே. பெருசு பெருசா வெள்ளை கண்ணுல பட்டா பொறுக்கிச் சோப்புத் தண்ணியில போடு. வண்டுக்கு வேலை குறையும்."

"இவ்வளவுதானா?" என்றான் அண்ணன், நிம்மதியாக.

அண்ணி கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "தின்கிறதுக்கு வண்டு கொண்டுவந்துட்டு, பொறுக்கிறதுக்கு எங்களையா? மதில் ஓரத்து ரெண்டு வரிசை என்னோட பொறுப்பு. அங்க நான் குனியவும் மாட்டேன், நிமிரவும் மாட்டேன். வண்டு பார்த்துக்கட்டும்."

"உங்க இஷ்டம் அண்ணி" என்று சொல்லிவிட்டு வண்டுக்காரி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். சோம்பேறிக்கு ஒரு சாக்கு என்று பஸ் ஏறிய பிறகும் முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

அடுத்த வாரம் முழுவதும் ஆபீஸில் வெறுங்கையோடு தொடங்க வேண்டியிருந்தது. புதுப் பரங்கிக்காய், புது மாவுப்பூச்சி, புது மெழுகு. அண்ணன் தினமும் போன் செய்தான். முதல் வாரம் பெரிய விசேஷமில்லை. இரண்டாவது வாரம் குரலில் ஒரு துள்ளல் வந்தது.

"இன்னைக்கு இருநூறு! பெருசு பெருசா! சின்னதுங்கள விட்டுட்டேன், நீ சொன்ன மாதிரி பெருசாப் பார்த்துத்தான் எடுக்கிறேன்."

"சபாஷ்ணா" என்றாள் அவள், தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு மெழுகு பூசியபடி.

மறுநாள், "இன்னைக்கு முந்நூறு! ஆள் வெச்சுப் பொறுக்கிறேன். பொல்லாத பூச்சி, கை வெச்சா ஓடப் பார்க்குது. விடுவேனா?" என்றான். அந்த நேரம் பார்த்துப் பினாயில் சார் உள்ளே வந்து, கேடயம் திங்கட்கிழமை வருகிறது, எல்லாரும் இஸ்திரி போட்ட உடுப்பில் வர வேண்டும் என்று பிரசங்கம் தொடங்கினார். அவள், "சரிண்ணா, அப்புறம் பேசுறேன்" என்று போனை வைத்தாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணி. இஸ்திரி போட்ட சேலையில் பின்கட்டு அறையில் ஒரு பரங்கிக்காயைத் திருப்பி வைத்தாள். மாவுப்பூச்சிகள் அசையாமல் ஒட்டியிருந்தன. நடுவிலிருந்து ஒரு வண்டுப் புழு, வெள்ளைச் சட்டை குலுங்க, குடுகுடுவென்று மறுபக்கத்துக்கு ஓடியது. வழக்கமாக ஓடுவதுதான். ஆயிரம் தடவை பார்த்ததுதான்.

'கை வெச்சா ஓடப் பார்க்குது.'

மாவுப்பூச்சி எங்கே ஓடும்? உட்கார்ந்த இடத்தில் வாயைக் குத்தி வைத்துக்கொண்டு கிடக்கிற ஜென்மம் அது. வெள்ளையாக, பெரிதாக, ஓடுவது எது? அட பாவி, அட பாவி மகளே என்று தன்னையே தலையில் அடித்துக்கொண்டாள். அண்ணனுக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. பையைக்கூட எடுக்காமல் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினாள். ஒன்றரை மணி நேரமும் பஸ்ஸில் உட்காரவில்லை, இடம் இருந்தும்.

அண்ணன் அவளைக் கண்டதும் பந்தலுக்கடியிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தான். "சொல்லாம கொள்ளாம வந்திருக்கே! நல்ல வேளை, இப்பத்தான் இன்னைக்கு வேட்டை முடிஞ்சது. வா, காட்டறேன்." கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வாளியைக் காட்டினான். பதினைந்து நாளாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்ததில் அவன் கண் சிவந்திருந்தது. விரல் நுனியெல்லாம் சோப்பில் ஊறி வெளுத்திருந்தது.

வாளியில் சோப்புத் தண்ணீர்மேல் வெள்ளை வெள்ளையாக மிதந்தன. அவளுக்கு அரை நொடி போதுமாக இருந்தது. அத்தனையும் வண்டுப் புழு. தின்று பெருத்து, இன்னும் நாலு நாளில் கூடு கட்டவிருந்த புழுக்கள்.

"எப்படி?" என்றான் அண்ணன். "வேலியில நின்னு சிரிச்சவனுங்கள இன்னைக்குக் கூப்பிட்டுக் காட்டினேன். என் தங்கச்சி சொன்னான்னு சொன்னேன்."

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். வெயில் அதிகம், வண்டு ஒத்துக்கொள்ளவில்லை, இந்த வருஷம் எல்லாத் தோட்டத்திலும் இப்படித்தான் என்று எத்தனையோ சொல்லலாம். அவன் நம்புவான். அவள் சொல்வதையெல்லாம் நம்புகிற ஒரே ஆள் அவன்தான்.

"அண்ணா, இது எதிரி இல்ல. இதான் நம்ம ஆளு. வண்டோட குஞ்சு. அதுவும் வெள்ளையாத்தான் இருக்கும்."

அண்ணன் வாளியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "நீ வெள்ளை எதிரின்னுதானே சொன்னே? நான் நீ சொன்னதத்தானே செஞ்சேன்?"

"ஆமாண்ணா. நீ சரியாத்தான் செஞ்சே. சொன்னவதான் அரைகுறையாச் சொல்லிட்டா. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஊருக்கே தெரியும்னு நெனச்சுட்டேன்."

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வாளிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து ஒரு திராட்சை இலைமேல் வைத்துப் பார்க்க ஆரம்பித்தான். எதுவும் அசையவில்லை. அடுத்ததை எடுத்தான்.

"அது இனிமே ஓடாதுண்ணா" என்றாள்.

"தெரியும்" என்றான். மறுபடி ஒன்றை எடுத்து வைத்தான்.

அப்போதுதான் அவளுக்கு மதில் ஓரத்து இரண்டு வரிசை ஞாபகம் வந்தது. ஓடினாள். அண்ணி அங்கே ஒரு கல்மேல் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டிருந்தாள். பந்தலை அண்ணாந்து பார்த்தாள் வண்டுக்காரி. குலைகள் சுத்தமாக இருந்தன. பிசுபிசுப்பு இல்லை. தண்டுகளில் வெள்ளைச் சட்டைக்காரர்கள் குடுகுடுவென்று போய்க்கொண்டிருந்தார்கள், நூற்றுக்கணக்கில். சில இலைகளுக்கடியில் கூடு கட்டத் தொடங்கியிருந்தன.

"அண்ணி, இங்க ஒண்ணுகூடப் பொறுக்கலையா நீங்க?"

"நான் எதுக்குப் பொறுக்கணும்? வண்டு தின்னும்னுதானே டாக்டரம்மா சொன்னீங்க? நான் உங்க முதல் வார்த்தைய நம்பினேன். உங்க அண்ணன் ரெண்டாவது வார்த்தைய நம்பினாரு."

இத்தனை வருஷத்தில் அண்ணியிடம் வண்டுக்காரி இப்படி மூக்கறுபட்டதில்லை, மூக்கறுபட்டது இத்தனை சந்தோஷமாகவும் இருந்ததில்லை. அப்படியே போய் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, அறுப்புக்கு நாப்பது நாள் இருக்கு. இதுங்கள்ல பாதிய எடுத்து மத்த வரிசைல விட்டா இன்னொரு தலைமுறை பெருகும். எல்லாம் தப்பாது. பாதித் தோட்டம் தப்பும். குடுப்பீங்களா?"

"தோட்டமே உங்க அண்ணனோடது, என்னைக் கேக்கிறே?" என்ற அண்ணி எழுந்து போய், பெயிண்ட் அடிக்கிற சின்னப் பிரஷ் இரண்டும் பழைய டப்பா மூடிகளும் எடுத்து வந்தாள். ஒரு பிரஷ்ஷைத் தான் வைத்துக்கொண்டாள். "சரி, எத எடுக்கணும், எத விடணும்? இந்தத் தடவை முழுசாச் சொல்லு."

வண்டுக்காரி சொன்னாள். ஓடுவது நம்முடையது, உட்கார்ந்திருப்பது எதிரி. முட்டை எங்கே இருக்கும், கூடு எப்படி இருக்கும், எதைத் தொடவே கூடாது என்று ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லி முடித்ததும் அண்ணியைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். அண்ணி முறைத்தாள், ஆனால் சொன்னாள். சற்று நேரத்தில் அண்ணனும் வாளியை விட்டு எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு மூடியை ஏந்தியபடி வந்து நின்றான். யார் முகத்தையும் பார்க்கவில்லை. "எங்க வைக்கணும், காட்டு" என்றான்.

மூன்றாவது கொடியில் இருக்கும்போது போன் அடித்தது. பினாயில் சார்.

"எங்கம்மா இருக்கீங்க? கேடயம் வந்தாச்சு, போட்டோ எடுக்க எல்லாரும் நிக்கிறோம்!"

"சார், எனக்கு இன்னையிலிருந்து பத்து நாள் லீவு வேணும்."

"லீவா? இந்த நேரத்துலயா? என்ன விஷயம்?"

அவள் கையிலிருந்த பிரஷ்ஷைப் பார்த்தாள். தூரத்தில் தனியாகக் கிடந்த வாளியைப் பார்த்தாள்.

"எங்க அண்ணன் தோட்டத்துல நானும் துடைச்சுட்டேன் சார். வெள்ளையா இருந்தது அத்தனையும். சுத்தமா."

பினாயில் சாரின் குரல் நெகிழ்ந்து வந்தது.

"ரொம்ப நல்லதும்மா. எவ்வளவு நாளாச் சொல்றேன், இப்பவாவது புரிஞ்சுதே."